சிவகார்த்திகேயன், விஜய் சேதுபதி: இரண்டு தொடக்கங்கள்

ரெண்டு பேருக்கும் 2012 முக்கியமான வருஷம், ஆனால் அங்கே வந்து சேர்ந்த வழிதான் வேற வேற. சிவகார்த்திகேயன் திருச்சியில் இன்ஜினியரிங் படித்தவர், விஜய் டிவியில் மிமிக்ரி, காமெடி, தொகுப்பாளர் என்று வீட்டுக்கு வீடு முகம் தெரிந்த பிறகுதான் பாண்டிராஜின் 'மெரினா'வில் ஹீரோ ஆனார். அடுத்த வருஷமே தனுஷ் தயாரித்த 'எதிர்நீச்சல்'.

விஜய் சேதுபதிக்கு அந்த வசதி இல்லை. துபாயில் கணக்காளர் வேலை, ஊர் திரும்பி கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலும் கணக்கு எழுதிக்கொண்டே நடிப்பதைப் பக்கத்திலிருந்து கவனித்தது, 2006இல் 'புதுப்பேட்டை'யில் கண் சிமிட்டினால் தவறிவிடும் ஒரு வேஷம், குறும்படங்கள், இப்படியே போய் 2010இல் சீனு ராமசாமியின் 'தென்மேற்குப் பருவக்காற்று'. அதற்கும் ரெண்டு வருஷம் கழித்துத்தான் 'பீட்சா', அப்புறம்தான் பெயர் ஊரெங்கும் தெரிந்தது.

டிவி வழி வேகமானது, சரி. ஆனால் அதில் வருபவரிடம் எல்லாரும் முதலில் ஜோக்கைத்தான் எதிர்பார்ப்பார்கள், சிவகார்த்திகேயனுக்கு அந்தப் பிம்பத்தைத் தாண்ட நிறைய காலம் பிடித்தது. சேதுபதியிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை, அதனால் வயசான வேஷமோ வில்லனோ எதுவும் உறுத்தவில்லை. என்னைக் கேட்டால் ரெண்டாவது வழிக்குத்தான் ஓட்டு, பொறுமையும் வீட்டு வாடகையும் இருந்தால்!