பட்டாசுக்கும் கெட்டிமேளத்துக்கும் ஒரு இயர்மஃப்

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கிரைண்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். காதில் எதையாவது மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்பது எங்களுக்குப் பழகிப்போன சமாச்சாரம். அதனால் ஆட்டிசம் உள்ள என் மகனுக்குச் சத்தம் தாங்க முடியாமல் போவதற்கு ஏதாவது வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, இந்த ஒரு சாமானைப் பற்றியாவது எனக்குத் தெரியும் என்ற தெம்பு இருந்தது.

வாங்கியது சின்னப் பிள்ளைகள் சைஸில் வரும் சாதா இயர்மஃப். பேட்டரி கிடையாது, ப்ளூடூத் கிடையாது. இரண்டு பிளாஸ்டிக் கிண்ணம், உள்ளே ஸ்பாஞ்ச், தலைக்கு மேல் ஒரு பட்டை, அவ்வளவுதான். சேஃப்டி ஷூவும் ஹெல்மெட்டும் விற்கிற கடையில் சொல்லிவைத்து வாங்கினேன். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த ஹெட்போன் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. வெளிச் சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு எதிரான ஒலியை உள்ளே விட்டு அமுக்குகிற வகை. ஃபேன், ஏசி, ரயில் என்று ஒரே சீராக வரும் இரைச்சலுக்கு அது அருமை. குக்கர் விசில், ஏர் ஹாரன், லட்சுமி வெடி மாதிரி திடீரென்று கிளம்புகிறவற்றில் அவ்வளவு எடுபடாது. எங்கள் பையனுக்குத் தொல்லையே அவைதான். பக்கத்து வீட்டில் மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவான். அதே ஆள் நம் வீட்டு கிரைண்டர் ஓடினால் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கல் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். சத்தமாக இருக்கிறதா என்பது மட்டுமே கணக்கில்லை போல.

பாக்கெட்டில் என்.ஆர்.ஆர். (சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்கிற அளவு) 25 என்று போட்டிருந்தால் 25 டெசிபல் அப்படியே குறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அதில் 7 கழித்து, மீதியில் பாதிதான் கணக்கு என்று எங்கள் சேஃப்டி ஆபீசர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அப்படிப் பார்த்தால் 9 டெசிபல்தான் தேறும். கேட்க அற்பமாகத் தெரியும், ஆனால் டெசிபல் கணக்கில் 10 குறைந்தாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியானது மாதிரி இருக்கும். கிண்ணத்திலோ அட்டையிலோ ஈ.என். 352 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆன்லைனில் கலர் கலராக விற்பதில் சிலவற்றில் நம்பர் மட்டும் இருக்கும், எந்தத் தரப்படி சோதித்தது என்று ஒரு வரி இருக்காது.

புதுப் பிளாஸ்டிக் வாடையில் முதலில் கிட்டவே வரவில்லை. கொடியில் நிழலில் தொங்கவிட்டோம். அப்புறம் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு நான் டிவி பார்ப்பேன், அவனிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஒருநாள் அவனே வந்து பிடுங்கி மாட்டிக்கொண்டான். இப்போது வேண்டும் என்றால், நாங்கள் கேட்கிற மாதிரியே, "காது போட்டுக்கலாமா கண்ணு?" என்பான்.

இதனால் எங்களுக்கு நடந்த பெரிய விஷயம், மனைவியின் சித்தி மகள் கல்யாணத்தில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தது. வழக்கமாக ஒருத்தர் மொய் வைக்க உள்ளே போவோம், இன்னொருத்தர் மண்டப வாசலில் அவனோடு காருக்குள். சாப்பாடும் ஷிஃப்ட் முறைதான். இந்தத் தடவை நடு வரிசை. கெட்டிமேளம் என்று குரல் வந்ததும் மனைவி அவன் கிண்ணங்களின் மேல் தன் கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். தவில் உச்சத்துக்குப் போனபோது தோளைக் குறுக்கினான், மேலே ஃபேனைப் பார்த்தான், அழவில்லை. மேளம் நின்றதும் "அப்பளம்" என்றான். பக்கத்தில் இருந்த அம்மிச்சி, "ஏஞ்சாமி, பாட்டா கேக்கற?" என்று கேட்க, "ஆமாங்க, பாட்டுதானுங்க" என்றாள் மனைவி. எல்லோருக்கும் ஆட்டிசத்தை விளக்கிக்கொண்டிருந்தால் பந்தி முடிந்துவிடும்.

தீபாவளிக்கு அந்த அளவுக்குச் சொல்ல மாட்டேன். காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்திருக்கிறது. எங்கள் தெருவில் கடிகாரம் பார்த்து யார் வெடிக்கிறார்கள்? 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை வெடிக்கு அனுமதி உண்டு, அதை இந்தக் கிண்ணம் விழுங்கிவிடாது. இயர்மஃபும் போட்டு, ஜன்னலையும் சாத்தி, உள் ரூமில் இருந்தால் சமாளிக்கலாம்.

குறை என்றால் முதலில் வெயில். சித்திரையில் அரை மணி நேரத்தில் காதைச் சுற்றி வேர்த்து, வேர்க்குரு வந்துவிடுகிறது. உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துப் பார்த்தோம். வேர்வை குறைந்தது, இடுக்கு வழியாகச் சத்தம் புகுந்தது. மடக்குகிற இடத்தில் முடி சிக்கும். ரோட்டில் போட்டிருந்தால் வண்டி வருவது சரியாகக் கேட்காது, கையை விடவே கூடாது. நாள் முழுக்க மாட்டிவிடாதீர்கள், சாதாரணச் சத்தம்கூடத் தாங்காத அளவுக்குக் காது பழகிவிடும் என்று தெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொன்னார். அதனால் பள்ளிக்கூடப் பையில் இருக்கும், பெல் அடிக்கிற நேரத்துக்கும் அசெம்பிளிக்கும் மட்டும் எடுப்பான்.

பெரியவர்கள் சைஸை வாங்கிப் பட்டையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். தாடைக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து இருந்தால் போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று. காதைச் சுற்றி அழுந்துகிற மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். வேர்வையில் முதலில் வீணாவது அதுதான்.