அத்தரா, ஸ்பிரேயா?

கல்யாணத்துக்கு எதைப் பூசிக்கொண்டு போவது? காரைக்குடிப் பக்கம் முகூர்த்த மாதங்களில் தவறாமல் எழும் கேள்வி இது.

விலை: சந்தன எண்ணெயில் வடித்த அசல் கன்னோஜ் (உத்தரப் பிரதேச ஊர்) அத்தர் விலை கூடுதல், துளி போதும். ஸ்பிரே மலிவாகவும் கிடைக்கும், சீக்கிரம் தீரும்.

நிலைப்பு: நம் வெயிலில் ஸ்பிரேயின் ஆல்கஹால் உடனே பறந்துவிடும், எலுமிச்சை வகை மணங்களும் பின்னாலேயே ஓடிவிடும். சந்தனத்துக்கு மணம் தரும் ‘சாண்டலால்’ (santalol) என்ற பொருள் கனமான மூலக்கூறு, மெல்லத்தான் ஆவியாகும். மணம் போயிற்றென்று அரைமணியில் மறுபடி பூசாதீர்கள். பழகிச் சலித்தது உங்கள் மூக்கு. பக்கத்து இலைக்காரருக்கு இன்னும் மணக்கும், பாவம்.

வசதி: ஸ்பிரேதான். அத்தர் பட்டில் எண்ணெய்க் கறை விடும்.

முகப்பில் நின்று வரவேற்பவருக்கு ஸ்பிரே. வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்), நெருங்கிய உறவுகளோடு உட்காருபவருக்கு அத்தர். காதோரம் மட்டும், பந்திக்குப் போகும் கையில் வேண்டாம்.