ஏழாவது கம்பியோடு எட்டு மாதம்

ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிக்கிறவனுக்கு ஏழு ஸ்ட்ரிங் எதற்கு என்று கேட்காத ஆளில்லை. வழக்கமான ஆறு கம்பியோடு, அதில் கீழான 'ஈ' கம்பிக்கும் கீழே 'பி' சுரத்தில் இன்னொரு தடித்த கம்பி, அதுதான் ஏழு ஸ்ட்ரிங். என் மனைவி மட்டும் வேறு மாதிரி கேட்டாள்: "இருக்கிற ஆறை ட்யூன் பண்ணவே அரை மணி நேரம் ஆகுது, இதுல இன்னொண்ணா?"

ஆசை பழையது. பள்ளிக்கூட நாளில் ஒரு நண்பன் வீட்டு கேசட்டில் கோர்ன் என்ற அமெரிக்க மெட்டல் குழுவைக் கேட்டதிலிருந்து வந்தது. அவர்களுடைய இரண்டு கிட்டார்காரர்களும் ஏழு கம்பியில், அதையும் ஒரு சுரம் கீழே இறக்கி வாசித்தவர்கள். கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் நிறுவனம் 1990-ல் கொண்டுவந்த யூனிவர்ஸ் என்ற ஏழு கம்பி மாடல்தான் அதற்கெல்லாம் வழி திறந்தது. ஆனால் இது மெட்டல்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1930களின் இறுதியிலேயே ஜார்ஜ் வான் எப்ஸ் என்ற ஜாஸ் கலைஞர், பேஸ் வரியையும் சேர்த்துத் தானே வாசிக்க ஏழு கம்பி கிட்டார் செய்து வாங்கியிருக்கிறார்.

சரி, கடைக்கு வருவோம். திருச்சியில் பார்த்து வாங்க வழியில்லை. பல்லவனில் ஏறிச் சென்னை போனேன். முதல் கடையில் இருந்தது 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), அதாவது வழக்கமான ஆறு ஸ்ட்ரிங்கின் நீளமேதான். ஏழாவது கம்பியைத் தட்டினால் கொடியில் காயும் துணி மாதிரி ஆடியது. சுருதி முதலில் மேலே ஏறி அப்புறம் இறங்கி உட்கார்ந்தது. ஏழு ஸ்ட்ரிங்கே இப்படித்தான் போல என்று வெளியே வந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது, அவர்கள் போட்டிருந்தது மெல்லிசு செட். சுருதியையும் சரியாக வைக்கவில்லை. ஒரு கிட்டாரைப் பாதி விலைக்கு இறக்கிக்காட்ட இது போதும்.

இரண்டாவது கடையில் 26.5 அங்குலம். ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் இந்த ஓர் அங்குலத்துக்கே இழுவிசை 8 சதவீதம் கூடும். கடைசிக் கம்பியாக 59 போட்டிருந்தார்கள். கம்பியின் கனத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்லும் எண் அது; ஒன்றரை மில்லிமீட்டர் கனம். தட்டினால் நின்று பேசியது. அதையே வாங்கினேன். அந்த 8 சதவீதம், மிக மெல்லிய முதல் கம்பிக்கும் சேர்த்துத்தான், அதனால் கம்பியை விரலால் தள்ளிச் சுரத்தை ஏற்றி பெண்ட் பண்ணும்போது ஆரம்பத்தில் விரல் நுனி எரிந்தது. முதல் கம்பியை 10-லிருந்து 9-க்கு மாற்றிய பிறகு நிம்மதி.

நெக் அகலம் நட் பக்கம், அதாவது தலைப்பக்கத்தில் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் இடத்தில், 48 மில்லிமீட்டர். என் ஆறு ஸ்ட்ரிங்கில் 43. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கட்டை விரலை மேலே வளைத்து ஆறாவது கம்பியைப் பிடிக்கும் பழக்கம் எனக்கு இருபது வருடம். இதில் அது நடக்காது.

ஆனால் இடது கையைவிட என்னைச் சோதித்தது வலது கை. அது மேலிருந்து எண்ணிப் பழகியது. முதலில் படுவது 'ஈ' என்று நினைத்துக்கொண்டே இறங்குகிறது, ஆனால் இதில் மேலே இருப்பது 'பி'. ஒரு வரவேற்புக் கச்சேரியில், இரண்டாவது பாட்டிலேயே, எஃப் கார்டை அழகாகப் பிடித்து வீசினேன். அடியில் திறந்த 'பி' கம்பி ஸ்பீக்கரில் உறுமியது. எஃப்புக்கு அடியில் பி! கீபோர்ட் அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. வாசிக்காத கம்பியை உள்ளங்கை ஓரத்தால் அடக்கி வைக்கக் கற்றுக்கொள்ளவே இரண்டு மாதம் போனது.

பேஸ் வாசிக்கும் அண்ணனுக்கு வேறு புகார். என் ஏழாவது கம்பி 62 ஹெர்ட்ஸ். அவருடைய ஏ கம்பியில் இரண்டாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் அதே சுரம், அதே உயரம். "தம்பி, நீயே இதையும் வாசிச்சுட்டா நான் வீட்டுக்குப் போகட்டுமா?" என்றார். விளையாட்டாகச் சொன்னாலும் நியாயம் அவர் பக்கம்தான். மண்டபத்து ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாகக் கலந்து களியாகிவிடும். ஆம்பில் பேஸ் குமிழைக் கணிசமாகக் குறைத்தால்தான் ஒலி பிரிகிறது.

பிறகு ஏன் விற்கவில்லை? ஒன்றரைக் கட்டையில் பாடும் எங்கள் பாடகர்தான் காரணம். ஒன்றரைக் கட்டை என்றால் சி ஷார்ப். ஆறு ஸ்ட்ரிங்கில் அதன் கீழ் ஸட்ஜமம் ஏ கம்பியின் நான்காவது ஃப்ரெட்டில் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு ஸ கிடைக்காது. ஏழில் கடைசிக் கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டில் ஸ, அடுத்த கம்பியின் நான்காவதில் ப, அதற்கடுத்ததின் நான்காவதில் மேல் ஸ. மூன்றையும் ஒரே பிடியில் பிடித்து, வீட்டில் அவர் ஆலாபனைக்குப் பின்னால் மெதுவாக விட்டேன். தம்பூராவும் இல்லை, கிட்டாரும் இல்லை, இடைப்பட்ட ஏதோ ஒன்று. பாடிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்து, "இதை முன்னாடியே கொண்டு வந்திருக்கலாமே" என்றார். ஐந்து கட்டையில் பாடும் எங்கள் பாடகிக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஜி சுரம் ஆறு ஸ்ட்ரிங்கிலேயே கைக்கு வாகாக இருக்கிறது.

முதல் கிட்டார் வாங்குகிறீர்களா? ஆறு, யோசிக்கவே வேண்டாம். எப்போதாவது ஒரு பாட்டுக்குக் கனம் வேண்டுமென்றால் ஆறாவது கம்பியை டி-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், காசு மிச்சம். கையில் நல்ல ஆறு இருந்தும் ஈ-க்குக் கீழே தேடி அலைகிறீர்கள் என்றால் ஏழு ஸ்ட்ரிங்கைப் பாருங்கள், 26 அங்குலத்துக்குக் குறைவாக வாங்காதீர்கள். கடையில் பத்து நிமிடம் வாசித்துவிட்டு முடிவெடுக்கவும் வேண்டாம். கிளீன் ஒலியில் ஏழாவது கம்பியை மட்டும் தட்டிவிட்டு அது அடங்கும்வரை கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் ஊர்க் கடையில் ஆறு ஸ்ட்ரிங்குக்கான 10-46 கம்பி செட் எப்போது போனாலும் கிடைக்கும். ஏழு ஸ்ட்ரிங் செட் கேட்டால், "ஆறு வாங்கிக்கோங்க சார், இன்னொண்ணு பேஸ் கம்பி போட்டுக்கலாம்" என்கிறார்கள். போட முடியாது, நட் பள்ளத்தில் இறங்காது. இப்போதெல்லாம் சென்னை போகிற யாராக இருந்தாலும் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புகிறேன்: 59, இரண்டு.