சிறுநீர்ப்பையை எடுத்த பிறகு: நேரே கீமோவா, ரத்தத்தைப் பார்த்து முடிவா?

சித்தப்பாவுக்குப் புற்றுநோயால் சிறுநீர்ப்பையை எடுத்தபின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் டி3 (கட்டி பையின் தசையைத் தாண்டி வெளியே பரவிய நிலை), நெறிக்கட்டில் ஒன்றுமில்லை என்று வந்தது. ஆன்காலஜிஸ்ட் இரண்டு வழி சொன்னார்: ரிப்போர்ட்டை வைத்தே கீமோ, அல்லது ரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏ மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுப்பது. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம், என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

கீமோ தெரிந்த கதை. ஜெம்சைடபின், சிஸ்பிளாட்டின் என்று இரண்டு மருந்து, பெரும்பாலும் நான்கு சுற்று, சென்னையில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் உண்டு. ஆனால் சிஸ்பிளாட்டின் கிட்னியைப் பதம் பார்க்கும், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சித்தப்பாவுக்கு ஏற்கெனவே எல்லையில் நின்றது. கிட்னி நன்றாக இருந்து நெறிக்கட்டிலும் புற்று இருந்திருந்தால் நானே கீமோவுக்குத்தான் கை தூக்கியிருப்பேன்.

இரண்டாவது வழிக்கான சிக்னடெரா போன்ற ரத்தப் பரிசோதனையில், எடுத்த கட்டியின் மரபணு மாற்றங்களில் 16-ஐத் தேர்ந்தெடுத்து, அவரவர்க்கென்று தனியாகச் சோதனை தயாரித்து ரத்தத்தில் தேடுகிறார்கள். இதில் பலரும் கோட்டை விடுவது ஒரு இடத்தில்: ஒரு முறை நெகட்டிவ் வந்ததும் 'அப்பாடா' என்று விட்டுவிடுவது. சிறுநீர்ப்பைப் புற்றுக்கு ஆபரேஷன் ஆனவர்களிடம் நடத்தி 2025-ல் வெளியான இம்விகோர்011 ஆய்வில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருஷம் வரை ரத்தம் எடுத்தார்கள். தொடர்ந்து நெகட்டிவாகவே இருந்தவர்களில் சுமார் 88 சதவீதம் பேருக்கு இரண்டு வருஷத்தில் நோய் திரும்பவில்லை. அந்த 'தொடர்ந்து' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் முதல் பில்லை மட்டும் பார்க்காதீர்கள், அடுத்தடுத்த பில்லும் கட்ட முடியுமா, ஆறு வாரத்துக்கொரு தடவை ஆளைக் கூட்டிப்போக வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். முடியாதென்றால், கிட்னி தாங்கும் பட்சத்தில் கீமோவே மேல்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அந்த ஆய்வில் பாசிட்டிவ் ஆனவர்களுக்குக் கொடுத்தது கீமோ இல்லை, அடிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்து. அதை வாங்கியவர்களில் பாதிப்பேர் 32.8 மாதம் தாண்டியும், வெறும் மருந்தில்லா ஊசி போட்டவர்களில் பாதிப்பேர் 21.1 மாதம் தாண்டியும் உயிரோடு இருந்தார்கள். நெகட்டிவ் என்றால் கீமோவைத் தவிர்க்கலாம் என்று அது நேரடியாக நிரூபிக்கவில்லை, எங்கள் டாக்டரும் அதை ஒளிக்கவில்லை. சித்தப்பாவுக்கு இதுவரை நெகட்டிவ்தான், ஆனால் ஒருவர் கதையை வைத்து நான் என்ன பேசிவிட முடியும்? ஸ்கேனும் கூடவே நடக்கிறது.

இந்த வழிதான் என்றால், கட்டியின் பாரஃபின் பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டு) டிஸ்சார்ஜின்போதே லேபில் கேட்டுவையுங்கள். முதல் சோதனை தயாராகவே சில வாரம் ஆகும், கீமோ வேண்டியிருந்தால் அதை ஆபரேஷன் முடிந்து 90 நாளுக்குள் தொடங்குவதுதான் வழக்கம்.