மூன்று குட்டி நடைகள்: கிளென்டலாக், டார்க், டைமண்ட் ஹில். எது யாருக்கு?

"ஒன்றரை கிலோமீட்டர்தானே, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம்" என்று கிளம்புகிறவர்கள் அயர்லாந்தின் கிளென்டலாக் பள்ளத்தாக்கில் மாட்டிக்கொள்ளும் இடம் பூலனாஸ் பாதை. தூரம் 1.6 கி.மீ., நேரம் 45 நிமிடம் என்பது அங்குள்ள தேசியப் பூங்காவின் கணக்கு. ஆனால் எடுத்த எடுப்பிலேயே அருவியை ஒட்டிச் செங்குத்தாக ஏறும். அதே இடத்திலிருந்து கிளம்பும் மைனர்ஸ் ரோடு 5 கி.மீ. நீளம், ஏரிக்கரையை ஒட்டியே போகும், மொத்த ஏற்றம் 20 மீட்டர்தான். தூரத்தை மட்டும் பார்த்து "சுலபம்" என்று முடிவு கட்டினால் இப்படித்தான் ஆகும். ஏற்றம் எவ்வளவு, காலுக்குக் கீழே என்ன தரை, தலைக்கு மேலே மரமா வெறும் வானமா என்ற மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் கிலோமீட்டருக்கு வர வேண்டும்.

இங்கே மூன்று நடைகளை எடுத்துக்கொள்வோம். விக்லோ மலைத் தேசியப் பூங்காவில் கிளென்டலாக்கின் கிரீன் ரோடு. கில்லார்னி தேசியப் பூங்காவில் டார்க் அருவியும் அதற்குப் பக்கத்து மக்ராஸ் பாதைகளும். கொனமாரா தேசியப் பூங்காவில் லோயர் டைமண்ட் ஹில். மூன்று பூங்காவிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. எந்த நடையும் அரை நாளைத் தாண்டாது. ஒற்றுமை அதோடு சரி.

கிரீன் ரோடு: தப்பு செய்ய முடியாத நடை

கிளென்டலாக் என்றால் ஐரிஷ் மொழியில் இரண்டு ஏரிகளின் பள்ளத்தாக்கு. 6-ஆம் நூற்றாண்டில் புனித கெவின் தொடங்கிய மடத்தின் இடிபாடுகளும், சுமார் 30 மீட்டர் உயரமுள்ள வட்டக் கோபுரமும் கீழ் ஏரிக்கு இந்தப் பக்கம் நிற்கின்றன. கிரீன் ரோடு 3 கி.மீ. வட்டம், பூங்காக் கணக்கில் 50 நிமிடம், ஏற்றம் 20 மீட்டர். மேல் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள பூங்கா அலுவலகத்திலிருந்து கிளம்பி, பாலத்தைத் தாண்டி இடது கைப் பக்கம் திரும்பினால் ஓக் மரக்காட்டுக்குள் அகலமான மண்பாதை. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் போனதும் மறுபடி இடது பக்கம் திரும்ப, சதுப்பு நிலத்தின் மேல் போட்ட பலகைப் பாதை உங்களை மேல் ஏரிக்கே கொண்டுவந்து விடும்.

அந்தப் பலகைப் பாதைதான் இந்த நடையின் ருசியான பகுதி. வெயில் அடிக்கும் நாளில் மெதுவாகப் போங்கள். பலகையின் சூட்டுக்காகச் சின்னப் பல்லிகள் வந்து படுத்திருக்கும். காலடி அதிர்ந்ததும் இடுக்குக்குள் மறைந்துவிடும். அயர்லாந்து மண்ணுக்கே உரிய ஒரே ஊர்வன இந்தப் பல்லிதான். முட்டையிடாமல் குட்டி போடும் வகை. பாம்பு இந்த நாட்டில் இல்லவே இல்லை. புல்லைக் கண்டதும் தரையைப் பார்த்துப் பார்த்து நடக்கும் நம்மூர்ப் பழக்கத்துக்கு இங்கே விடுமுறை.

பிரச்சினை பாதையில் இல்லை, கார் நிறுத்துவதில்தான். டப்ளினிலிருந்து 50 கி.மீ. தொலைவுதான் என்பதால் வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை ஊரே அங்கேதான் இருக்கும். மேல் ஏரி நிறுத்தம் முற்பகலிலேயே நிரம்பும். அதன் பிறகு லாரா கிராமத்திலிருந்தே வண்டிகள் ஊர ஆரம்பிக்கும். ஒன்பதரைக்குள் போய்ச் சேருங்கள், அல்லது மாலை நான்கு மணிக்குமேல் போங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். இன்னொரு வழியும் உண்டு. மேல் ஏரிக்குப் போகாமல் கீழே மடத்துப் பக்கத்துப் பார்வையாளர் மையத்திலேயே வண்டியை விட்டுவிட்டு, கல்லறைத் தோட்டம் வழியாக நடந்து, வட்டத்தின் மறுமுனையில் போய்ச் சேரலாம். கொஞ்சம் தூரம் கூடும், ஆனால் கோபுரத்தையும் பார்த்தாயிற்று. கார் இல்லாதவர்களுக்கு டப்ளின் செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கிரீன் பக்கத்திலிருந்து செயின்ட் கெவின்ஸ் பஸ் ஓடுகிறது. நாளுக்கு ஒன்றிரண்டு தடவைதான் என்பதால் திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு பிறகு நடையைத் திட்டமிடுங்கள்.

வழிகாட்டிக் கம்பங்களில் உள்ள நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிளென்டலாக்கில் நிறம் என்பது பாதையின் பெயர். கடினத்தின் அளவு கிடையாது. பச்சை சுலபமாக இருப்பது தற்செயல். வெள்ளை என்றால் இன்னும் சுலபம் என்று நினைத்துத் தொடர்ந்தால் 9 கி.மீ. ஸ்பிங்க் முகட்டில், 600-க்கும் மேற்பட்ட மரப்படிகளில் ஏறிக்கொண்டிருப்பீர்கள்.

டார்க் அருவி: ஐந்து நிமிடமா, அரை நாளா?

டார்க் என்றால் ஐரிஷில் காட்டுப்பன்றி. கில்லார்னி நகரிலிருந்து 7 கி.மீ., என்71 சாலையோரம். நிறுத்தத்திலிருந்து அருவி வரை சுமார் 200 மீட்டர்தான். நல்ல பாதை, லேசான ஏற்றம், மேலே முழுக்க மரக்கூரை. மாங்கர்டன் மலையிலுள்ள டெவில்ஸ் பஞ்ச்போல் என்ற ஏரியின் தண்ணீர் ஓவன்கேரிஃப் ஆறாக இறங்கி, இங்கே 20 மீட்டர் போலச் சரிந்து விழுகிறது. முதல் நாள் கொட்டிய மழைக்கு மறுநாள் காலை போனால் பேச்சுக் குரலே கேட்காது. பத்து நாள் மழை இல்லையென்றால் பாறை மேல் நூல் நூலாக வழியும். "படத்தில் பார்த்த மாதிரி இல்லையே" என்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் வானிலை பார்க்காமல் போனவர்கள்.

கூட்டத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கெர்ரி வளையம் என்ற வட்டச் சாலையைச் சுற்றும் சுற்றுலாப் பேருந்துகள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், காலையில் கில்லோர்க்லின் பக்கமாகக் கிளம்பிப் போகும். டார்க் அவற்றின் சுற்றில் கடைசியில் வரும் நிறுத்தம். ஆகவே பிற்பகலில் பேருந்து பேருந்தாக ஆட்கள் இறங்குவார்கள். பத்து மணிக்கு முன் போனால் அருவி கிட்டத்தட்ட உங்களுக்கே. நிறுத்தத்தில் பையையோ கேமராவையோ கண்ணில் படும்படி காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நாடு முழுக்க இப்படிப்பட்ட சாலையோர நிறுத்தங்களில் கண்ணாடி உடைபடுவது உண்டு.

அருவிக்குப் பக்கத்தில் மேலே போகும் கல்படிகள் வேறு விஷயம். ஏறினால் மரங்களுக்கிடையே மக்ராஸ் ஏரி தெரியும், அது உண்மை. ஆனால் ஈரத்தில் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் தண்டனை. அருவியைப் பார்க்க அந்தப் படிகள் தேவையே இல்லை.

200 மீட்டர் நடைக்காக டப்ளினிலிருந்து 300 கிலோமீட்டர் போக முடியாது. எனவே மக்ராஸ் பாதைகளைச் சேர்த்துத்தான் டார்க்கைப் போட்டியில் நிறுத்த வேண்டும். வண்டியை மக்ராஸ் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில் விடுவது நல்லது. கழிப்பறையும் சாப்பாட்டுக் கடையும் அங்கேயே உண்டு. ஓல்ட் போட்ஹவுஸ் பாதை 0.8 கி.மீ.; ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரமடர்ந்த சின்ன மூக்கை ஒரு சுற்று. மாஸி வுட்ஸ் 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆர்தர் யங்ஸ் வாக் 4.8 கி.மீ.

மாஸி வுட்ஸ் என்றால் பாசிக் காடு; பெயருக்கேற்ற காடு. மக்ராஸ் ஏரிக்கும் லாக் லீன் ஏரிக்கும் நடுவில் உள்ள சுண்ணாம்புப் பாறையில் மண் என்பது பெயருக்குத்தான். அதன் மேல் யூ என்ற ஊசியிலை மரங்கள் நிற்கின்றன. வேர் இறங்க இடமில்லாமல் பாறையின் மேலேயே விரல் விரலாகப் பரவி, கிடைத்த வெடிப்பில் நுழைந்திருக்கும். கிளைகளின் நிழல் அவ்வளவு கனம். கீழே வேறு செடி வளராது, பாசி மட்டும் பாறை, வேர், விழுந்த மரம் எல்லாவற்றையும் ஒரே பச்சைப் போர்வையாக மூடியிருக்கும். மேற்கு ஐரோப்பாவில் இந்த அளவுக்கு யூ காடு அபூர்வம். அழகு அங்கே, ஆபத்தும் அங்கேதான். பாசி மூடிய வேர் கால் தட்டும், குழந்தை வண்டி உள்ளே போகாது. யூ மரத்தின் சிவப்புக் காய்கள் பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும். உள்ளே உள்ள விதையும் இலையும் விஷம். சின்னப் பிள்ளைகள் கூட வந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் செம்மான்கள் இணை தேடும் காலம். ஆண் மான்களின் உறுமல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். படம் எடுக்க நெருங்க வேண்டாம். அந்த மாதங்களில் அவற்றுக்குப் பொறுமை கிடையாது.

லோயர் டைமண்ட் ஹில்: வானம் ஒத்துழைத்தால்

கொனமாரா பூங்கா 1980-இல் திறக்கப்பட்டது. கால்வேயிலிருந்து லெட்டர்ஃப்ராக் கிராமத்துக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். பேருந்து உண்டு, ஆனால் விரல் விட்டு எண்ணலாம். இந்தப் பூங்காவின் பெரிய சாமர்த்தியம் பாதைகளை ஒன்றோடொன்று கோத்திருப்பது. பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்தில் எல்லிஸ் வுட் 0.5 கி.மீ.; 1849-இல் இங்கே வந்து குடியேறி மரம் நட்ட, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தம்பதியின் பெயர் அது. பிறகு ஸ்ரஃபான்பாய் 1.5 கி.மீ., அதிலிருந்து பிரிந்து லோயர் டைமண்ட் ஹில் 3 கி.மீ., அதன் மேல்முனையிலிருந்து உச்சிக்குப் போகும் அப்பர் பாதை. வீட்டிலிருந்தே முடிவு செய்துவிட்டு வரத் தேவையில்லை. காற்று அதிகமா, பிள்ளை அழுகிறதா, குறுகிய வட்டத்தில் திரும்பிவிடலாம். மற்ற இரண்டு இடங்களில் இந்த வசதி இவ்வளவு சுலபமாக இல்லை.

லோயர் பாதைக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். சரளையும் பலகையும் மாறி மாறி வரும். மெதுவான, ஆனால் விடாத ஏற்றம். மூச்சு வாங்கினால் நின்று திரும்பிப் பாருங்கள்: பாலினகில் துறைமுகம், டல்லி மலை, அதற்கப்பால் அட்லாண்டிக். செலவழித்த வியர்வைக்குக் கிடைக்கும் காட்சி என்று கணக்குப் போட்டால் மூன்றில் இதற்குத்தான் முதலிடம்.

பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பது வெறும் விதியல்ல. சுற்றியிருப்பது நிலத்தைப் போர்வைபோல் மூடிய சதுப்பு. பாசியும் செடிகளும் மட்கி உண்டான அதன் கரிமண்ணில் 90 சதவீதம் போலத் தண்ணீர். பலகையில் உட்கார்ந்து ஓரத்துப் பாசியை விரலால் லேசாக அழுத்துங்கள், பஞ்சைப் பிழிந்த மாதிரி நீர் ஊறும். கோடையில் அதே பாசியின் மேல் நாணயம் அளவுக்குச் சிவப்பாக ஒரு செடி படுத்திருக்கும். அதன் இலை முடிகளின் நுனியில் மின்னுவது பனித்துளி இல்லை, பசை. மண்ணில் கிடைக்காத சத்தை, அதில் ஒட்டும் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட தரையில் ஆயிரம் பேர் குறுக்கே நடந்தால் புல் அழிந்து சேறு மட்டும் மிஞ்சும்; அதனால்தான் இவ்வளவு செலவழித்துப் பலகை போட்டார்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு மேல்முனைச் சந்திப்பில். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்று ஏறிவிடுவார்கள். அது செங்குத்தான கல்படி. முழு நடையும் 7 கி.மீ., இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகிவிடும். உச்சி 440 மீட்டருக்குமேல். கீழே வெயிலாக இருக்கும்போதே மேலே மேகம் மூடும். கைல்மோர் அபே என்ற கன்னியர் மடமும் அதன் ஏரியும் தெரிவது அந்த உச்சியிலிருந்துதான் என்பதால் சபலம் இயல்பு. தண்ணீரும் மழைக்கோட்டும் நேரமும் இருந்தால் மட்டும் ஏறுங்கள்.

மழை, பூச்சி, செருப்பு

கிழக்கு அயர்லாந்தில் ஆண்டு மழை பெரும்பாலும் 750 முதல் 1000 மி.மீ.; மேற்கில் 1000 முதல் 1400; மேற்கு மலைகளில் 2000-ஐத் தாண்டும். மழை நாளில் டார்க்தான் ஜெயிக்கும்: மரம் மறைக்கும், அருவியும் பெருகும். கிரீன் ரோடு பாதி தாங்கும். காட்டுப் பகுதி சரி, பலகையில் வழுக்கல். டைமண்ட் ஹில்லில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. குடை இரண்டாவது நிமிடமே கம்பி திரும்பிக்கொள்ளும். தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் வழி. ஜீன்ஸ் மூன்றுக்கும் வேண்டாம். நனைந்தால் அன்று முழுக்கக் காயாது, நடக்க நடக்கத் தொடையை உரசும். அடி பிடிக்கும் ஓட்டப்பந்தயக் காலணி போதும். காரில் ஒரு ஜோடி மாற்றுக் காலுறை வையுங்கள். ஊரிலிருந்து வந்த அம்மா புடவையோடுதான் நடப்பேன் என்றால் கிரீன் ரோட்டில் தாராளமாக நடக்கலாம், காலில் மட்டும் ஷூ இருக்கட்டும்.

மே முதல் செப்டம்பர் வரை, காற்று அசையாத ஈரமான மாலையில் மிட்ஜ் என்ற பொடிக்கொசு மொய்க்கும். கொஞ்சம் காற்றடித்தாலே பறக்க முடியாமல் போய்விடும், அதனால் திறந்த மேட்டில் தொல்லை குறைவு, ஏரிக்கரை மரத்தடியில் அதிகம். அதைவிட முக்கியம் உண்ணி. மான்கள் திரியும் கிளென்டலாக்கிலும் கில்லார்னியிலும் புதரோரம் உரசி நடந்தால் ஏறும். லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பக்கூடியது. திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், பிள்ளைகளின் காதுப் பின்புறம் பாருங்கள். ஒட்டியிருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது இரண்டும் கூடாது. அடுத்த ஒரு மாதத்துக்குள் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் படர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, எதற்குப் போவது?

குழந்தை வண்டி, வயதானவர்கள், டப்ளினிலிருந்து ஒரே நாள் என்றால் யோசிக்கவே வேண்டாம், கிரீன் ரோடு. ரயிலில் போகிறவர்களுக்குக் கில்லார்னி. நிலையத்தில் இறங்கி, நகரில் சைக்கிளோ குதிரை வண்டியோ எடுத்து மக்ராஸ் வரை போகலாம். எங்கள் மனம் சாய்வது லோயர் டைமண்ட் ஹில் பக்கம். ஆனால் அதைத் தேதி குறித்துவிட்டுப் போகக் கூடாது. கால்வேயில் இரண்டு இரவு தங்கி, காலையில் வானிலையைப் பார்த்து, தெளிவான நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் என்றால் பன்னிரண்டு மணிக்குள் நடக்க ஆரம்பித்துவிடுங்கள், நாலே காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கால் பிசகி நகர முடியாமல் போனால் 112-ஐ அழைத்து மலை மீட்புக் குழுவைக் கேளுங்கள். பக்கத்தில் உள்ள கம்பத்தின் நிறத்தையும் கடைசியாகத் தாண்டிய சந்திப்பையும் சொன்னால் சீக்கிரம் வந்து சேர்வார்கள்.