100 கஜத் தடையா, ஒற்றை சிகரெட் தடையா?

பள்ளிப் பிள்ளைகளுக்கு சிகரெட் கிடைக்காமல் தடுக்க இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. மத்திய அரசின் 2003 சட்டப்படி கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலை விற்கக் கூடாது. 18 வயது ஆகாதவருக்கு எங்கேயுமே விற்கக் கூடாது. மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. கடைக்காரருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பையனுக்கும் 91 மீட்டர் என்ன தூரமா?

இன்னொன்று, சிகரெட்டைப் பாக்கெட்டாக இல்லாமல் ஒவ்வொன்றாக விற்பதற்குத் தடை. மகாராஷ்டிரம் 2020-இல் இதைக் கொண்டுவந்தது. எனக்கு இதுதான் வலுவாகப் படுகிறது. பெட்டிக்கடையில் மாணவன் முழுப் பாக்கெட் வாங்குவது அபூர்வம். ஒன்றே ஒன்று வாங்கி, கம்பத்தில் புகைந்துகொண்டிருக்கும் கயிற்றில் பற்றவைத்து, நாற்றம் போக ஒரு மிட்டாயும் வாங்கிக்கொள்வான். அட்டையில் 85 சதவீத இடத்தை அடைத்திருக்கும் எச்சரிக்கைப் படமும் வாசகமும் அவன் கைக்கே வருவதில்லை. பாக்கெட்டாகத்தான் வாங்க வேண்டும் என்றால் கைக்காசு போதாது. வாங்கினாலும் வீட்டில் ஒளித்துவைப்பது பெரும்பாடு.

சரி, நாலு பேர் காசு போட்டுப் பிரித்துக்கொண்டால்? (பசங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்!) அப்புறம், மெல்லும் புகையிலை சின்னப் பொட்டலமாகவே மலிவாகக் கிடைக்கிறது, அதை இந்தத் தடை தொடாது. அங்கே 100 கஜ விதிதான் கைகொடுக்கும், சோதனைக்கு யாராவது வந்தால்.