ஹட்டனில் வால்வ் செட் திருத்தும் ரேடியோ கடை

வீட்டில் பழைய வால்வ் செட், அதாவது ட்ரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடிக் குழாயில் ஓடும் ரேடியோவோ ஆம்போ, கிடக்கிறதா? பழைய சாமான் வாங்க வருகிறவர்களிடம் தூக்கிக் கொடுக்கும் முன் ஹட்டனிலுள்ள இந்தக் கடைக்கு ஒருமுறை கொண்டுபோங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், மாடியில் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. கீழே துணிக்கடையில் 'ரேடியோ பாஸ்' என்று கேட்டால் படியைக் காட்டுவார்கள்.

நான் கொண்டுபோனது பெரியப்பா விட்டுப்போன கராட் எஸ்பி 25 டேர்ன்டேபிளும் (இசைத்தட்டைச் சுழற்றும் மெஷின்), அவரே கட்டிய ஆம்பும் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி). பெரியப்பா டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் எலக்ட்ரீசியன். அலுமினியத் தகட்டை மடித்து, ஸ்பீக்கரை ஓட்ட ஒரே ஒரு ஈஎல் 84 வால்வ் இருக்கும்படி செய்திருந்தார். ஐந்து வாட் வந்தால் அதிகம். சின்ன வீட்டுக்கு அது தாராளம்.

முதலில் வேறோர் ஊரில் காட்டினேன். உள்ளே உள்ளதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு புளூடூத் போர்ட் வைத்துத் தருகிறோம் என்றார்கள். பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

இந்த பாஸ் பிளக்கைச் சொருகவே விடவில்லை. பல வருடம் சும்மா கிடந்த செட்டுக்கு நேராக 230 வோல்ட் கொடுத்தால் கரண்டைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் வெடிக்கலாம், ட்ரான்ஸ்போமர் கருகலாம். முதல் வால்விலிருந்து ஈஎல் 84க்குப் போகும் பழைய பேப்பர் கப்பாசிட்டரை முதலில் மாற்றினார். அது கசிந்தால் வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில் பொசிட்டிவ் வோல்ட் ஏறி, வால்வ் உள்ளே சிவந்து செத்துவிடும். நம் பக்கத்து ஈரத்தில் அது கசியாமல் இருந்தால்தான் அதிசயம். அப்புறம் 100 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடரில் போட்டு கரண்ட் கொடுத்தார். உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், செட் தப்பிக்கும். பல்ப் ஒருதரம் மின்னி மங்கியது. வால்வும் ட்ரான்ஸ்போமரும் இன்றும் பழையவைதான். 'ம்ம்' என்ற இரைச்சலுக்காக எலக்ட்ரோலிட்டிக்குகளையும் புதிதாகப் போட்டார்.

"தம்பி, ஒங்க பெரியப்பா வச்ச ஈயம் இன்னும் மினுங்குது. இதுல நான் கை வைக்க மாட்டேன்" என்றார். எங்கே கை வைக்கக்கூடாது என்று தெரிந்த ஆளிடம் செட்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வரலாம்.

டேர்ன்டேபிளில் அந்த அளவுக்குத் திருப்தி இல்லை. இந்த கராட்டில் பெல்ட் கிடையாது, மோட்டாரின் கப்பிக்கும் சுழலும் தட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம். ஒரே இடத்தில் அழுந்தி நின்றதால் அதில் பள்ளம் விழுந்து, நாதஸ்வரத்தின் நீண்ட சுரமெல்லாம் நடுங்கியது. சக்கரத்தைச் சுற்றவிட்டு உப்புத்தாளால் தேய்த்து வட்டமாக்கினார். இறுகிப்போன கிரீஸைச் சுரண்டியதும் ஊசியைத் தாங்கும் ஆர்ம் தானாகத் திரும்பி வருகிறது. இப்போது சுரம் நேராக நிற்கிறது. ஆனால் சத்தத்தை மெதுவாக வைத்துக் கேட்டால் அடியில் ஓர் உறுமல் உண்டு. புது சக்கரம் வெளிநாட்டிலிருந்து எடுத்தால்தான் போகும் என்று அவரே சொல்லிவிட்டார். ஸ்விண்டனில் செய்த மெஷின் என்பதால் வேகத்தில் தகராறு இல்லை. மோட்டாரின் வேகம் கரண்டின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது, இங்கிலாந்திலும் இங்கும் அது 50தான். 60 ஹெர்ட்ஸுக்கான அமெரிக்க மெஷின் வைத்திருப்பவர்கள் மோட்டார் கப்பியை மாற்ற வேண்டிவரும்.

இன்னொன்றும் சொன்னார்: எல்பி இசைத்தட்டுக்கான ஊசியில், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டைப் போடாதீர்கள். 78இன் பள்ளம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அகலம். சின்ன ஊசி அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும்.

எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். பற்றுச்சீட்டு தரமாட்டார், கேட்டால் கொப்பித்தாளில் எழுதித் தருவார். சாமான் கொழும்பு முதலாம் குறுக்குத்தெருவிலிருந்து வரவேண்டியிருந்தால் காத்திருக்க வேண்டும், போன் எடுத்தாலும் சரியான நாள் சொல்லமாட்டார். அவசரக்காரர்களுக்கு இந்தக் கடை சரிவராது. ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) பூட்டு. பஸ்ஸில் கொண்டுபோவதென்றால் டேர்ன்டேபிளின் சுழலும் தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள், ஆர்மை நூலால் கட்டுங்கள், ஊசியை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.